கதவுக்குக் கைப்பிடி இல்லை! கூரையும் இல்லை! சீமைக் காருக்கு உயிர் கொடுக்கும் அம்பாசடர் மெக்கானிக்குகள்

தென்னேரியில் இருந்து சுங்குவார்சத்திரம் வந்து, பஸ் மாறி, சென்னைக்கு வேலைக்கு வரும் அன்பர்களுக்கு இருங்காட்டுக்கோட்டை நன்றாகத் தெரியும். ஒரு பக்கம் கார் தொழிற்சாலை. கொஞ்சம் தள்ளி கார் பந்தய மைதானம்.

1990-ம் ஆண்டு முதல் அங்கே பந்தயம் நடக்கிறது. ஓடுபாதையின் நீளம் 3.7 கிலோமீட்டர். அதற்கு முன்பெல்லாம் சோழவரத்தில், 2-வது உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்தது. ஜனம் திரண்டு போய்ப் பார்த்தது. வீட்டில் ஓட்டும் ஹெரால்டையும் பியட்டையும் முறுக்கேற்றிக்கொண்டு வந்து பந்தயத்தில் இறக்கிய காலம் அது.

இந்தக் கட்டுரை பந்தயக் கார்களைப் பற்றியது அல்ல.

பந்தயத்துக்கும் போகாமல், ஆபீசுக்கும் போகாமல், ஓட்டுகிற சுகத்துக்காகவே விடியற்காலையில் வெளியே வரும் கிழட்டுக் கார்களைப் பற்றியது. எல்லாம் சீமைச் சரக்கு. எம்.ஜி., டிரையம்ப், ஆஸ்டின்-ஹீலி, ஜாகுவார். இரண்டே பேர் உட்காரலாம். தலைக்கு மேலே வானம்தான்!

எந்த எம்.ஜி.?

"எம்.ஜி." என்றதும் நமக்கு எம்.ஜி.ஆர். நினைவுதான் வரும். இது வேறு. "மோரிஸ் கராஜஸ்" என்ற பெயரின் சுருக்கம். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரில் இருந்த கார் கடையின் பெயர் அது. செசில் கிம்பர் என்ற மானேஜர், மோரிஸ் காரை எடுத்து மேல்பாகத்தை மாற்றி, இளவட்டங்களுக்குப் பிடித்த மாதிரி விற்க ஆரம்பித்தார். வியாபாரம் சூடு பிடித்தது. 1929-ல் அபிங்டன் என்ற ஊரில் தனி தொழிற்சாலையே வந்துவிட்டது.

1945-ல் போர் முடிந்தது. அதே ஆண்டு "டி.சி." என்ற எம்.ஜி. காரை விட்டார்கள். சைக்கிள் மாதிரி கம்பி வைத்த சக்கரம். முன் கண்ணாடியை மடக்கிப் படுக்க வைத்துவிட்டு, காற்று முகத்தில் அடிக்க ஓட்டலாம். 1949 வரை 10 ஆயிரம் கார்கள் விற்றன. இங்கிலாந்தில் முகாம் போட்டிருந்த அமெரிக்க சிப்பாய்கள் இந்தக் காரில் மயங்கினார்கள். அங்கே பிடித்த பைத்தியம் பிறகு உலகம் பூராவும் பரவியது.

இன்று நம் ரோட்டில் ஓடும் எம்.ஜி. ஹெக்டருக்கும் இதற்கும் பெயர்தான் ஒற்றுமை. அந்தப் பெயர் இப்போது ஒரு சீனக் கம்பெனியிடம் இருக்கிறது. 2019-ல்தான் இந்தியாவுக்கு வந்தது.

கயிற்றை இழுத்தால் கதவு திறக்கும்!

1955-ல் வந்தது "எம்.ஜி.ஏ." பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. நத்தை ஓடு மாதிரி வழுவழுப்பு. கதவைத் திறக்க கைப்பிடியைத் தேடினால் கிடைக்காது. வெளியே கைப்பிடியே வைக்கவில்லை! கையை உள்ளே விட்டு ஒரு கயிற்றை இழுக்க வேண்டும்.

கதவில் ஏற்றி இறக்கும் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் பக்கத் தட்டிகளைச் சொருகி, துணிக் கூரையை இழுத்து மாட்ட வேண்டும். மாட்டி முடிப்பதற்குள் மழை விட்டுவிடும்.

பவர் ஸ்டியரிங் இல்லை. ஏ.சி. இல்லை. ரோட்டில் கிடக்கும் கூழாங்கல்லைக் கூட ஸ்டியரிங் வளையம் உள்ளங்கைக்குச் சொல்லிவிடும்.

முதல் கியர் ஒரு முரட்டுக் கியர். கார் ஓடும்போது அதில் தள்ளினால் "கர்ர்" என்று பல்லைக் கடிக்கும். கிளட்சை ஒரு தரம் மிதித்து நியூட்ரலுக்கு வந்து, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, மறுபடி கிளட்சை மிதித்துப் போட வேண்டும். பழைய லாரி டிரைவர்களுக்கு இந்த ரெட்டை கிளட்ச் வித்தை தண்ணீர் பட்ட பாடு. சத்தமே இல்லாமல் கியர் விழுந்துவிட்டால் ஓட்டுகிறவர் முகத்தில் வருகிற சிரிப்பைப் பார்க்க வேண்டுமே!

வேகம்? பிடித்து விரட்டினால் மணிக்கு 150 கிலோமீட்டரை ஒட்டி ஓடும். ஆனால் யாரும் விரட்டுவது இல்லை. தேவையும் இல்லை. ஆள் உட்காருவது ரோட்டுக்கு ஒரு சாண் மேலே. பக்கத்தில் வரும் லாரியின் சக்கரம் காது உயரத்துக்குச் சுற்றுகிறது. அந்த நிலையில் 60 கிலோமீட்டரே 120 போலத் தெரியும். புதுக் காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு 120-ல் போகிறவருக்குத் தூக்கம் வரும். இதில் 60-ல் போகிறவருக்கு உடம்பு பூரா விழிப்பு.

சென்னை வெயில் இந்தக் கார்களுக்கு ஆகாது. குளிர் தேசத்துக்குச் செய்த ரேடியேட்டர். சிக்னலில் நாலு நிமிஷம் நின்றால் கொதிக்க ஆரம்பிக்கும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை, பால்காரர் வரும் நேரத்தில், ஓட்டக் கிளம்புகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்ப வேண்டும்.

"இவ்வளவு கஷ்டப்பட்டு எதற்கு?" என்று கேட்கலாம். விசைத்தறி வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் காஞ்சிபுரம் பக்கத்தில் கைத்தறியில் கோர்வைச் சேலை நெய்கிறார்களே, அதை வாங்கவும் ஆள் இருக்கிறதே! அந்த ஊர்க்காரர்களுக்கு நாம் விளக்கம் சொல்ல வேண்டியது இல்லை.

அம்பாசடருக்கு பங்காளி

இனி விஷயத்துக்கு வருவோம். 60, 70 வயது ஆன சீமைக் கார் இங்கே எப்படி ஓடுகிறது? கம்பெனி சர்வீஸ் கிடையாது. அபிங்டன் தொழிற்சாலை 1980-லேயே மூடப்பட்டுவிட்டது.

ரகசியம் அம்பாசடரில் இருக்கிறது!

எம்.ஜி.ஏ. முதலில் வந்தபோது அதில் இருந்தது 1,489 சி.சி. எஞ்சின். நம் ஊர் டாக்சியாகவும், கலெக்டர் காராகவும் ஓடிய அம்பாசடரில் இருந்ததும் அதே குடும்பத்து 1,489 சி.சி. எஞ்சின்தான். இரண்டும் ஒரே பிரிட்டிஷ் கம்பெனியின் வாரிசு. அம்பாசடருக்கு ஒரு கார்புரேட்டர். எம்.ஜி.க்கு இரண்டு. எம்.ஜி.க்கு வேகம் அதிகம். அதற்காக ரத்தம் வேறாகிவிடுமா?

அம்பாசடருக்கு டேப்பட் அட்ஜஸ்ட் செய்து பழகிய கை, எம்.ஜி. பானெட்டைத் திறந்தால் திகைக்காது. சில சாமான்கள் அப்படியே பொருந்தும். பொருந்தாததை லேத் பட்டறையில் கடைந்து எடுத்துவிடுவார்கள். ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் தேடி அலைந்தால் கிடைக்காதது என்ன?

டிரையம்ப் கதை இன்னும் நெருக்கம். சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் 1961 முதல் "ஸ்டாண்டர்டு ஹெரால்டு" கார் செய்தார்களே, அது டிரையம்ப் ஹெரால்டுதான். அந்த ஹெரால்டின் சேசிஸை நீளம் குறைத்து, அதன் மேல் கட்டியதுதான் 1962-ல் வந்த "ஸ்பிட்பயர்" என்ற ஸ்போர்ட்ஸ் கார். இரண்டுக்கும் உருவம் வரைந்தவரும் ஒருவரே. மிக்கெலாட்டி என்ற இத்தாலிக்காரர். ஹெரால்டு வைத்திருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், மூஞ்சி மொத்தமும் முன்பக்கம் சாய்ந்து திறக்கும். ஸ்பிட்பயரும் அப்படித்தான்.

மின்சார சாமான்களில் "லூகாஸ்" என்று பெயர் இருக்கும். பாடியில் பஸ் ஏறுகிறவர்களுக்குத் தெரிந்த அதே லூகாஸ் பெயர்தான். 1961-ல் டி.வி.எஸ்.சுடன் கூட்டு சேர்ந்து இங்கே வந்த கம்பெனி. பழைய சீமைக் கார்களில் திடீர் திடீர் என்று விளக்கு அணைந்துவிடுமாம். அதனால் லூகாசுக்கு "இருட்டின் இளவரசன்" என்று வெள்ளைக்காரர்களே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். "ஆங்கிலேயர் ஏன் வெதுவெதுப்பான பீர் குடிக்கிறார்கள்? அவர்கள் வீட்டு பிரிட்ஜ் லூகாஸ் செய்தது" என்று ஒரு நையாண்டியும் உண்டு. பாடிக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது!

ஆபத்து இப்போதுதான்

வண்டலூர் தொழிற்சாலையில் 1988-ல் கார் செய்வது நின்றது. அம்பாசடரில் 1992-ல் இசுசு எஞ்சின் வந்தது. பழைய வண்டிக்காரர்கள் பலர் அதற்கு முன்பே பெட்ரோலை விட்டு டீசலுக்கு மாறிவிட்டார்கள். 2014-ல் அம்பாசடரே நின்றுவிட்டது. இந்த எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய மெக்கானிக்குகளுக்கு வயதாகிவிட்டது. இன்றைய பையன் கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்துக் கோளாறு சொல்கிறான். எம்.ஜி.யில் எங்கே சொருகுவது? காது கொடுத்துக் கேட்க வேண்டும். கார் போனாலும் வேறு கார் வாங்கலாம். அந்தக் காதை எங்கே வாங்குவது?

பெட்ரோலிலும் வில்லங்கம். இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாய், வாஷர் எல்லாவற்றையும் அரித்துவிடும். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவை இல்லை. விவரம் தெரிந்தவர்கள் குழாய்களை மாற்றிவிட்டார்கள். மாதக்கணக்கில் ஷெட்டில் நிறுத்துகிறவர்கள் டாங்கைக் காலி செய்து வைப்பது நல்லது.

20 ஆயிரமா? 80 ஆயிரமா?

அடுத்தது ஆர்.டி.ஓ. கணக்கு.

50 வயது தாண்டி, உருவம் மாறாமல் இருக்கும் வண்டிகளுக்கு 2021-ல் மத்திய சர்க்கார் தனி விதி கொண்டுவந்தது. புதிதாகப் பதிவு செய்ய 20 ஆயிரம் ரூபாய். 10 வருஷம் செல்லும். நம்பரில் "வி.ஏ." என்ற எழுத்து வரும். ஏற்கனவே பதிவான கார் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். கேட்க நன்றாக இருக்கிறது.

ஆனால் ஒரு முடிச்சு! இப்படிப் பதிவு செய்த காரை வழக்கமாக ரோட்டில் ஓட்டக்கூடாது. கண்காட்சிக்கு, ஆராய்ச்சிக்கு, பழைய கார் ஊர்வலத்துக்கு, பெட்ரோல் போட, ரிப்பேர் செய்ய எடுக்கலாம். அவ்வளவுதான். சும்மா ஏரிக்கரை வரை ஒரு ஓட்டம் போய் வரலாமா? விதியில் அதற்கு இடம் தெரியவில்லை.

சாதாரணப் பதிவிலேயே வைத்து, இஷ்டப்படி ஓட்டலாம் என்றால்? 20 வயது தாண்டிய வண்டிகளுக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் உயர்த்தினார்கள். உள்நாட்டுக் காருக்கு 10 ஆயிரம். இறக்குமதிக் காருக்கு 80 ஆயிரம்! வண்டலூர் ஹெரால்டு தப்பித்தது. அதன் தம்பி ஸ்பிட்பயர் மாட்டிக்கொண்டது.

இங்கிலாந்தில் 40 வயது ஆன காருக்கு ரோடு வரி இல்லை. பெரிதாக மாற்றாத காராக இருந்தால், 2018 முதல் வருடாந்திர பரிசோதனையும் கட்டாயம் இல்லை. மார்க்கெட்டுக்கு ஓட்டிப்போய் முட்டைகோஸ் வாங்கி வரலாம். புகையும் நெரிசலும் மிகுந்த நம் ஊருக்கு அது முழுக்கப் பொருந்தாது என்பது நியாயம்தான். ஆனாலும் வருஷத்தில் சில நூறு கிலோமீட்டர் ஓடும் வண்டியால் என்ன பெரிய புகை வந்துவிடும்? நின்றே கிடந்தால் பிரேக் இறுகும், சீல் காயும், டாங்க் துருப்பிடிக்கும். ஓட ஓடத்தான் இந்தக் கார்களுக்கு ஆயுள்.

மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற சங்கங்கள் ஊர்வலம் நடத்தும்போது பழைய கார்களைப் பார்க்கலாம். செல்போனில் படம் எடுக்க ஜனம் முண்டியடிக்கும். கையை வைத்துத் தடவாதீர்கள். அந்தப் பெயிண்டுக்குச் செலவழித்த பணம் கொஞ்சநஞ்சம் அல்ல.

கடைசியாக ஒரு நல்ல சேதி. முன்பு 1950-க்கு முன் செய்த பழங்காரைத்தான் லைசென்ஸ் இல்லாமல் வெளிநாட்டில் இருந்து கொண்டுவர முடியும். 2025-ல் அதைத் தளர்த்தி, 50 வயது ஆனால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். வருஷம் ஏற ஏற ஒவ்வொரு வருஷத்துக் காராக உள்ளே வரலாம். சுங்க வரி கட்ட மடியில் கனம் வேண்டும், அது தனிக் கதை. அபிங்டனில் 1980-ல் செய்த கடைசி எம்.ஜி.பி. கார்களுக்கு 2030-ல்தான் முறை வரும்.