உஷார்! யோசனை சொல்பவரே மருந்தும் விற்கிறார், காயும் வாங்குகிறார்

போனுக்கு வந்த ஆறு இலக்க எண்ணை யாரிடமாவது சொன்னீர்களா? "ஒண்ணுமில்லைங்கண்ணா, ஆப்புல உங்க பேரை ஏத்தத்தான்" என்று பைக்கில் வந்த தம்பி கேட்டாரா? அப்படியானால் இதை முழுக்கப் படியுங்கள். அந்த எண் ஆதார் ஓடிபியாக இருக்கலாம். அதன் மூலம் போடுகிற மின் கையெழுத்துக்குச் சட்டத்தில் மதிப்பு உண்டு. சும்மா பதிவுதானே என்று நீங்கள் நினைத்தது கொள்முதல் ஒப்பந்தமாக இருக்கலாம், உங்கள் பெயரில் வாங்கிய கடனாகவும் இருக்கலாம். என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டாமல் எண்ணை மட்டும் கேட்டால், அங்கேயே நிறுத்துங்கள்.

காய்கறி போடுகிற சிறு விவசாயிகளைத் தேடி இப்போது செல்போன் செயலிகள் வரிசைகட்டி வருகின்றன. முதலில் எல்லாம் இலவசம். மழை எப்போது வரும், இலையில் விழுந்த புள்ளி என்ன நோய், எந்தச் சந்தையில் என்ன விலை என்று கேட்டதற்கெல்லாம் பதில் வரும். அடுத்த போகத்தில் விதையும் உரமும் மருந்தும் வீட்டுக்கே வரும், காசு அப்புறம் கொடுக்கலாம் என்பார்கள். அதற்கடுத்த போகத்தில் "காயை நாங்களே எடுத்துக்கிறோம்" என்று ஒப்பந்தம் வரும். மூன்றும் நல்ல காரியங்கள்தான். ஆனால் மூன்றையும் ஒரே கை செய்யும்போது, அந்தக் கையைச் சரிபார்க்க வெளியில் ஆளே இருக்காது.

இலையைப் படம் எடுத்து அனுப்புகிறீர்கள். அடிச்சாம்பல் நோய், இந்த மருந்தை அடியுங்கள் என்று பதில் வருகிறது. கீழேயே 'வாங்குக' என்ற பொத்தான். அந்த மருந்து தேவைதானா, பாதி அளவு போதுமா என்று கேட்க அங்கே யாருமில்லை. பூச்சிமருந்துக் கடைக்காரர் ஊர்க்காரர். தப்பு மருந்து கொடுத்தால் மறுநாள் முகத்துக்கு நேரே சண்டை போடலாம். செயலியிடம் எப்படிச் சண்டை போடுவது? அறுவடை நேரத்தில் மருந்து எச்சம் கூடுதல் என்று காயைத் திருப்பினால் நஷ்டம் யார் தலையில்? செயலி சொன்ன மருந்தைச் செயலி சொன்ன அளவில்தான் அடித்தேன் என்பதற்குச் சாட்சி அந்தச் செய்தி ஒன்றுதான். அதை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மருந்து பில்லையும் டப்பாவையும்கூட எறியாதீர்கள்.

ஒப்பந்தக் காய்கறி என்றால் தமிழ்நாட்டில் பலருக்கும் தெரிந்தது கெர்கின் என்கிற ஊறுகாய் வெள்ளரி. 1990-களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் தொடங்கி தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் பரவிய ஏற்றுமதிப் பயிர். சுமார் 90,000 சிறு, குறு விவசாயிகள் இதை ஒப்பந்த முறையில் போடுகிறார்கள் என்று மத்திய வணிக அமைச்சகம் 2022 ஜனவரியில் சொன்னது. 90 நாள் பயிர், ஏக்கருக்குச் சராசரி 4 டன், வரவு சுமார் 80,000 ரூபாய், மிச்சம் சுமார் 40,000 என்பதும் அதே கணக்கு. செயலியில் வரும் விளம்பரமும் இந்த மாதிரிக் கணக்கைத்தான் காட்டும்.

கொள்முதல் நிலையத்துக்குப் போனால் கணக்கு வேறு மாதிரி ஓடும். கெர்கினில் காய் சிறுத்தால்தான் விலை. கிலோவுக்கு 160 காய்க்கு மேல் நின்றால் ஒரு ரேட், 100 நின்றால் ஒரு ரேட், பருத்துப்போய் 30, 40 நின்றால் வண்டிக்கூலிக்குத்தான் ஆகும். தினமும் பறிக்க வேண்டிய காய் இது. ஒரு நாள் மழை, ஒரு நாள் ஆள் வரவில்லை என்றால் போதும், மறுநாள் காலையில் கொடியில் தொங்குவது வேறு கிரேடு. தரம் பிரிப்பது வாங்குகிறவரின் ஆள், தராசும் அவர்களுடையது. வளைந்தது, நிறம் மாறியது, அடிபட்டது என்று கூடையிலிருந்து ஒதுக்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடியும்.

வரவில் 15 சதவீதம் கழிவு என்று வையுங்கள். 80,000-ல் 12,000 போயிற்று. விதைக்காசும் மருந்துக்காசும் பறிகூலியும் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஆக மிச்சம் 40,000 இல்லை, 28,000. கழிவு 15 சதவீதம்தான், ஆனால் உங்கள் மிச்சத்தில் கழிந்தது 30 சதவீதம். இதைக் கம்பெனியின் எந்த ஃபீல்ட்மேனும் தாளில் போட்டுக் காட்டமாட்டார். கழித்துப் போட்ட கெர்கினை ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் கொண்டுபோனால் யார் வாங்குவார்கள்? நம் ஊர்ச் சாம்பாரில் அதற்கு இடமில்லை.

தக்காளி, மிளகாய் மாதிரிப் பயிர் என்றால் வேறு வம்பு. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது, சில வாரங்களில் தடதடவென்று இறங்கியது. விலை ஏறும்போது ஒப்பந்த விலைக்கே கொடுத்தாக வேண்டும். வெளியில் விற்றால் ஒப்பந்த மீறல். இறங்கும்போது கம்பெனி ஒப்பந்தத்தை மீற வேண்டிய அவசியமே இல்லை. கிரேடைக் கொஞ்சம் இறுக்கினால் போதும், வண்டியை ஒரு நாள் தாமதமாக அனுப்பினாலும் போதும். அதனால் விலை எவ்வளவு என்று கேட்பதைவிட, எத்தனை நாளுக்குள் எடுப்பீர்கள், எடுக்காவிட்டால் என்ன தருவீர்கள் என்று கேளுங்கள். அந்த வரி ஒப்பந்தத்தில் இல்லையென்றால் விலை எழுதியிருப்பதால் பெரிய பயன் இல்லை.

விதை விஷயத்திலும் கண் வையுங்கள். 2019-ல் குஜராத்தில் தன் பதிவு பெற்ற உருளைக்கிழங்கு ரகத்தைப் போட்டார்கள் என்று பெப்சிகோ விவசாயிகள் மேல் வழக்குப் போட்டது. நான்கு பேரிடம் தலைக்கு ஒரு கோடிக்கு மேல் கேட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் மே மாதம் வழக்கை வாபஸ் வாங்கியது. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் விவசாயி விதை எடுத்து வைக்கவும் விதைக்கவும் பரிமாறவும் விற்கவும் உரிமை தருகிறது, பிராண்ட் போட்ட விதையாக விற்கக் கூடாது என்பது மட்டுமே தடை. அப்படியிருந்தும் கோர்ட்டுக்கு இழுக்க முடிந்தது என்பதைக் கவனியுங்கள்.

திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்ற வாக்கு கொங்கு நாட்டுக்குப் புதிதில்லை. 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகள் கவிழ்ந்தபோது தீனி போட ஆளில்லாமல் நின்ற பறவைகளைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அன்றைக்கு வந்தது பளபளப்பான நோட்டீஸ், இன்றைக்கு வருவது செயலி.

ஒப்பந்தமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நேர்மையாகக் காய் எடுத்து, சொன்ன தேதியில் பணம் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் முதல் போகத்தில் முழுக் காட்டையும் கொடுக்காதீர்கள். உள்ளூர்ச் சந்தையில் விற்க வழியில்லாத காயை ஒரே ஆளை நம்பிப் போடவே போடாதீர்கள். எடைச்சீட்டில் கழிவு எத்தனை கிலோ, எதற்காக என்று அங்கேயே எழுதி வாங்குங்கள். மருந்தும் உரமும் கடனில் வந்தால் கடன் கொடுத்தது யார் என்று கேளுங்கள். கம்பெனி அல்லாமல் ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கொடுத்த கடனாக இருந்தால், காய் கழிந்தாலும் தவணை நிற்காது. நாளைக்கு வங்கியில் நகைக்கடனுக்குப் போய் நிற்கும்போதும் அது எட்டிப்பார்க்கும்.

மத்திய அரசின் மூன்று வேளாண் சட்டங்களும் 2021-ல் வாபஸ் ஆனதோடு ஒப்பந்த விவசாயத்துக்கான சட்டமே போயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டின் ஒப்பந்தப் பண்ணையச் சட்டம் தனி. அதற்கு 2019 அக்டோபரில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. விளைச்சல் பெருகி விலை சரிந்தாலும் ஒப்பந்த நாளில் பேசிய விலை கிடைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஒப்பந்தத்தை வேளாண் விற்பனை மற்றும் வேளாண் வணிகத் துறை அலுவலரிடம் பதிவு செய்ய வேண்டும். "பதிவெல்லாம் எதுக்குங்க, நம்பிக்கைதானே" என்று வாங்குகிறவர் இழுத்தால் நீங்களும் பின்வாங்குங்கள். தமிழில் அச்சடித்த நகல் கையில் வராமல் விதை மூட்டையை இறக்க விடாதீர்கள்.

நோய்க்கும் மருந்துக்கும் இன்னொருவர் யோசனையும் கேட்க வேண்டுமென்றால் கிசான் கால் சென்டர் 1800-180-1551, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். அரசு உதவி என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைலைத் தொட்டுவிட்டீர்கள், கணக்கிலிருந்து பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பணம் கை மாறிக் கை மாறிப் போய்விடும்.