‘பழசைத் தூக்கிப் போடுங்க’ என்றார்!

இந்தப் பகுதியில் சமையல் குறிப்பு, கைவைத்தியம் என்று எத்தனையோ எழுதுகிறீர்கள். நான் எழுதப் போவது வைஃபை ரவுட்டரைப் பற்றி. சிரிக்காதீர்கள். நான் பட்ட அவஸ்தையைக் கேட்டால் உங்களுக்கும் ஒருநாள் உதவும்.

எங்கள் வீடு கரூரில். பழைய காலத்து நீளமான வீடு. வாசலில் நின்று கூப்பிட்டால் பின்கட்டில் கேட்காது. என் மாமியாருக்கு 79 வயது. இரண்டு வருடமாக ஞாபகமறதி நோய். பாத்ரூம் பக்கத்தில் இருக்கட்டும் என்று பின் அறையில்தான் அத்தைக்குக் கட்டில் போட்டிருக்கிறோம். போன வருடம் ஒருநாள் பட்டப்பகலில் பின் கதவைத் திறந்து கொண்டு நடந்து போய்விட்டார். தெருமுனைப் பிள்ளையார் கோவில் வாசலில் பூ விற்கிற அம்மா அடையாளம் தெரிந்து கைப்பிடித்துக் கூட்டி வந்தாள். அன்றைக்கு வந்த நடுக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

அதற்குப் பிறகுதான், என் கணவர் கடையில் 2018-ல் வாங்கி மாட்டியிருந்த சின்ன கேமராவைக் கழற்றி வந்து அத்தை அறையில் வைத்தார். சமையலறையில் அரிசி களையும்போதே செல்போனில் கட்டிலைப் பார்த்துக் கொள்வேன். அத்தை எழுந்தால் ஓடுவேன். அந்தக் குட்டி கேமரா எனக்கு இன்னொரு ஜோடி கண் என்றே சொல்ல வேண்டும்.

தை மாதம் இன்டர்நெட் இணைப்பை வேகமான திட்டத்துக்கு மாற்றினோம். புது ரவுட்டர் வைக்க ஒரு பையன் வந்தான். ஆண்டெனா நாலு, பார்க்கவே பந்தாவாக இருந்தது. என் செல்போனில் இணைத்துக் காட்டினான். பழைய ரவுட்டரைப் பையில் போட்டுக் கொண்டான். “தம்பி, கேமரா?” என்றேன். ஐந்து நிமிடம் பார்த்தான். சிவப்பு விளக்கு மினுக்கிக் கொண்டே இருந்தது. “அக்கா, இது பழசு. 5ஜி சப்போர்ட் பண்ணாது. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடுங்க” என்று சொல்லிக் கிளம்பிவிட்டான். பிரிண்டரும் வேலை செய்யவில்லை. என் கொழுந்தனார் அமெரிக்காவிலிருந்து கொண்டு வந்த டேப்லெட்டில் எங்கள் வைஃபை பெயரே தெரியவில்லை. அதில்தான் அத்தை சாயங்காலம் எம்.எஸ். பாட்டுக் கேட்பார்.

‘சரி, மாசக் கடைசி ஆயிற்றே, சம்பளம் வந்ததும் பார்ப்போம்’ என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு. இரண்டாம் நாள் மதியம் சாம்பாரைத் தாளித்து இறக்கிவிட்டுப் போய்ப் பார்த்தால், கட்டில் காலி! பின் கதவு திறந்து கிடந்தது. அத்தை கொல்லையில் துவைக்கிற கல்லின் மேல், உச்சி வெயிலில் உட்கார்ந்திருந்தார். “எங்கம்மா வர்றேன்னு சொல்லியிருக்கா. காத்துக்கிட்டு இருக்கேன்” என்றார். கையைத் தொட்டால் கொதிக்கிறது. எவ்வளவு நேரமாக அப்படி இருந்தாரோ!

அன்று ராத்திரி, கோவையில் ஹாஸ்டலில் இருந்து படிக்கும் என் மகனிடம் போனில் அழுதே விட்டேன். “அம்மா, கேமரா கெட்டுப் போகலை. ரவுட்டரும் கெட்டுப் போகலை. ரெண்டுக்கும் அறிமுகம் ஆகலை, அவ்வளவுதான். நான் சொல்றதைச் செய்” என்றான். “எனக்கு இதெல்லாம் தெரியாதுடா, கரண்ட் கிரண்ட் அடிச்சிடப் போகுது” என்றேன். “அம்மா, நீ கை வைக்கப் போறது ரவுட்டர் மேல இல்லை, உன் செல்போன் மேல” என்றான்.

அவன் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். வைஃபையும் ஒரு ரேடியோதான். பழைய சாமான்கள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசைதான் தெரியும். புது ரவுட்டர்கள் 2.4, 5 என்று இரண்டிலும் பேசும். (அந்தத் தம்பி சொன்ன ‘5ஜி’ இந்த ஐந்துதான். செல்போன் கம்பெனிக்காரர்கள் விற்கிற 5ஜி வேறு, இது வேறு. நானும் இரண்டையும் ஒன்று என்றே நினைத்திருந்தேன்.) ஐந்தில் வேகம் அதிகம், ஆனால் சுவரைத் தாண்டத் திணறும். 2.4 வேகம் கம்மி, ஆனால் பின்கட்டு வரைக்கும் போகும். எங்கள் மாதிரி கனமான சுவர் வைத்த வீட்டுக்கு எது தேவை என்று நீங்களே சொல்லுங்கள்!

புது ரவுட்டர் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்து, தானே பிரித்துக் கொடுக்கும்படி அமைத்திருந்தார்கள். கேமராவை இணைக்கும் நேரத்தில் என் செல்போன் ஐந்தில் இருந்தது, கேமராவோ 2.4-ல் தேடியது. அதனால்தான் அந்தத் தம்பிக்கு வரவில்லை.

ரவுட்டருக்கு அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது. எழுத்து எறும்பு சைஸ். செல்போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் படித்தேன். அதில் ஓர் எண் விலாசம் (எங்களுடையது 192.168.1.1), ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு. வீட்டு வைஃபையில் இருந்தபடியே அந்த எண்ணை, இணையதளம் பார்க்கும் இடத்தில் மேலே அடித்தால், ரவுட்டரின் உள்வீடு திறக்கிறது. வயர்லெஸ் என்ற பகுதியில் இரண்டு அலைவரிசையையும் தனித்தனியாகப் பிரிக்கச் சொன்னான். ஐந்துக்குப் புதுப்பெயர். 2.4-க்கு நம் பழைய ரவுட்டரின் அதே பெயர், அதே பாஸ்வேர்டு, பெரிய எழுத்து சின்ன எழுத்து கூட மாறாமல். நல்லவேளை, அதைப் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். இல்லாவிட்டால் ஒவ்வொரு சாமானையும் முதலிலிருந்து பழக்க வேண்டியிருந்திருக்கும்.

‘சேவ்’ அழுத்தினேனோ இல்லையோ, எல்லாம் போச்சு! வைஃபை அறுந்துவிட்டது. கை கால் ஓடவில்லை. ஐயோ, ரவுட்டரையே கெடுத்துவிட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். பெயரை மாற்றினால் செல்போன் அறுபடத்தான் செய்யும், புதுப்பெயரில் மறுபடி சேர்ந்து கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இதை அவன் முன்னாடியே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அடுத்த அறையில் ‘டர்ர்’ என்று ஒரு சத்தம். பிரிண்டர்! யாரும் தொடாமலே பழைய பெயரைக் கண்டுபிடித்துச் சேர்ந்து கொண்டது. கேமரா மட்டும் அதே சிவப்பு விளக்கு.

இரண்டாவது முடிச்சு பூட்டில் இருந்தது. வைஃபைக்குப் போடும் பூட்டிலும் தலைமுறை உண்டாம். டபிள்யூபிஏ2 என்பது 2004-ல் வந்தது. டபிள்யூபிஏ3 வந்தது 2018-ல். எங்கள் ரவுட்டர் இரண்டும் கலந்த பூட்டில் இருந்தது. பழைய சாமான்கள் பல இதைச் சமாளித்துவிடும், சில குழம்பிப் போய் நின்றுவிடும். எங்கள் கேமரா இரண்டாவது ரகம். 2.4-க்கு மட்டும் ‘டபிள்யூபிஏ2, ஏஇஎஸ்’ என்று மாற்றி, கேமராவை ஒருதரம் அணைத்துப் போட்டேன். ஒரு நிமிடம் ஆனது. சிவப்பு போய் நீலம் வந்தது. செல்போனில் பார்த்தால், போர்வையை இழுத்துக் கொண்டு அத்தை தூங்கிக் கொண்டிருந்தார். மணி பதினொன்றரை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

டேப்லெட் கதை வேறு. 2.4 அலைவரிசைக்கு உள்ளேயே சேனல்கள் உண்டு. நம் நாட்டில் 13 வரைக்கும் உபயோகிக்கலாம். அமெரிக்காவில் விற்கிற சாமான்கள் பெரும்பாலும் 11-க்கு மேல் கேட்பதே இல்லை. எங்கள் ரவுட்டர் தானாகவே 13-ல் போய் உட்கார்ந்திருந்தது. வெளிநாட்டுப் பொருள் வைத்திருக்கும் வீடுகளில் இதைக் கவனியுங்கள். ‘ஆட்டோ’வை எடுத்துவிட்டு 1, 6, 11 இந்த மூன்றில் ஒன்றை வைத்தால் போதும். நான் 6 வைத்தேன், பெயர் தெரிந்தது. ஆனாலும் பாட்டு வரவில்லை! அதுவரை சார்ஜ் இல்லாமல் கிடந்ததில் டேப்லெட்டின் தேதி எங்கேயோ பழைய வருடத்துக்குப் போய்விட்டிருந்தது. தேதி தப்பாக இருந்தால் இணையதளங்கள் பாதுகாப்பில்லை என்று திறக்க மறுக்கும். தேதியைத் திருத்தியதும் எம்.எஸ். பாட ஆரம்பித்துவிட்டார்.

எல்லாவற்றையும் காப்பாற்றலாம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் பரணில் ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது. அதற்கு டபிள்யூஇபி என்ற ஆதிகாலப் பூட்டு மட்டும்தான் தெரியும். அது 2001-லேயே உடைக்கப்பட்ட பூட்டாம். அந்த ஒன்றுக்காக வீட்டுப் பூட்டையே பலவீனமாக்காதே என்றான் மகன். நியாயம்தான், பரணிலேயே விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா, பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து வைத்தால் எல்லாம் வேலை செய்கிறது என்று பெருமையாகச் சொன்னார். வேண்டாம் அக்கா என்று கையெடுத்துக் கும்பிட்டேன். வீட்டுக்குள் கேமரா வைத்திருப்பவர்கள் அதைச் செய்யவே கூடாது. ரவுட்டரின் உள்வீட்டுக்கான பாஸ்வேர்டும் ஸ்டிக்கரில் உள்ளபடியே இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

இன்னொரு விஷயம், இதை யாரும் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தது. காலையில் மைக்ரோவேவ் அடுப்பில் அத்தைக்குக் கஞ்சி சூடு பண்ணும்போதெல்லாம் கேமராப் படம் நின்று நின்று வந்தது. மகனிடம் சொன்னால், “அடுப்பும் கிட்டத்தட்ட அதே 2.4-லதாம்மா வேலை செய்யுது” என்றான். ரவுட்டர் இருந்த அலமாரிக்கு நேர் பின்னால்தான் அடுப்பு! ரவுட்டரை நடைப் பக்கம் உயரமாக மாற்றி வைத்த பிறகு படம் சரியாக வருகிறது.

புது கேமரா விலை 2,000 ரூபாய்க்கு மேல் சொன்னார்கள். அந்தக் காசில் பின் கதவுக்கு அத்தை கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போட்டேன், மீதியில் ஹாஸ்டல் பையனுக்கு முறுக்கும் அதிரசமும் போயிற்று. எந்தப் பெயர், எந்தச் சேனல், எந்தப் பூட்டு என்று எல்லாவற்றையும் பால் நோட்டில் எழுதி வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை காபி கொண்டு போனபோது அத்தை கேமராவையே பார்த்துக் கொண்டிருந்தார். “அம்மாடி, இது ரெண்டு நாளா செவந்து கெடந்துச்சே, கண்ணு வலியா? இப்ப பரவால்லியா?” என்று கேட்டார். “பரவால்லை அத்தை” என்றேன்.

- ஒரு வாசகி, கரூர்.