கொழுப்பிலிருந்து குருத்தெலும்பு: யார் செலவில்?

செம்பரம்பாக்கம் முதல் ஒரகடம் வரையிலான தொழிற்பகுதியில், குந்தியும் சுமை தூக்கியும் உழைப்போருக்கு முழங்கால் குருத்தெலும்பு தேயும் வாய்ப்பு அதிகம். அத்திசுவில் ரத்த நாளங்கள் இல்லாததால், தேய்ந்தது எளிதில் ஆறுவதில்லை.

உடற்கொழுப்பில் ஸ்டெம் செல்கள் இருப்பதை 2001-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். ஆய்வகத்தில் டிஜிஎஃப்-பீட்டா போன்ற வளர்ச்சிக் காரணிகளை அளித்தால், அவை சில வாரங்களில் குருத்தெலும்பின் இயல்புகளைப் பெறுகின்றன. அத்திசு மூட்டின் சுமையை நெடுங்காலம் தாங்கும் என்பது இன்னும் நிறுவப்படவில்லை.

ஆகவேதான், நிரூபிக்கப்படாத ஸ்டெம் செல் சிகிச்சையை அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வில் மட்டுமே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல்கள் ஏற்கின்றன. பங்கேற்பவரிடம் கட்டணம் வாங்கவும் கூடாது. இடரை ஏற்பவரே செலவையும் ஏற்பது பொருளியல் நீதி அன்று. பணம் கேட்பவரிடம் தொழிலாளி முதலில் கேட்க வேண்டியது, ஆய்வின் பதிவு எண்ணையே.