டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்: மேடையும் ஒளியும்

ஆர்தர் மில்லரின் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' நாடகம் 1949 பிப்ரவரி 10 அன்று நியூயார்க்கின் பிராட்வேயில் அரங்கேறியது. எலியா கசான் இயக்கிய இதன் மேடை, ஒளி இரண்டையும் ஜோ மீல்சினர் வடிவமைத்தார்.

விற்பனையாளர் வில்லி லோமனின் வீடு, அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே வெறும் சட்டக்கூடாக நின்றது. கீழே தந்தை தனக்குத்தானே பேசுவதும், மாடி அறையில் மகன்கள் அதைக் கேட்டுக் கலங்குவதும் ஒருசேரத் தெரிந்தன.

நினைவுக் காட்சிகளில் கட்டடங்கள் மங்கி, வீட்டின்மீது இலைகளின் ஒளியுருவம் படர்ந்தது. நிகழ்காலத்தில் கதவு வழியே மட்டும் செல்லும் பாத்திரங்கள் அப்போது சுவர் இருக்கவேண்டிய இடத்தைக் கடந்து நடந்தனர். திரை இறங்காமலே காலம் மாறியது. வீட்டார் காணமுடியாத வில்லியின் மனத்தடுமாற்றத்தை, இந்த ஒளிமாற்றத்தின் வழியே பார்வையாளர்கள் நேரில் கண்டனர்.