மோட்டார் சைக்கிளில் உபரி விளக்குகள்

நூல் மூட்டையோ காய்கறிக் கூடையோ ஏற்றிக்கொண்டு விடியுமுன் புறப்படும் அங்கத்தினர் சிலர், மோட்டார் சைக்கிளில் உபரி விளக்குகளும் கைபேசிச் சார்ஜரும் பொருத்துகின்றனர். முகப்பு விளக்கின் கம்பியைச் சுரண்டி, அதிலேயே புதுக் கம்பியை முறுக்கிவிடுவதும் உண்டு. இது ஆபத்தான முறை என்பதை வற்புறுத்த விரும்புகிறோம்.

கணக்கு எளியதே. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 12 வோல்ட் வண்டியில் 10 வாட் சார்ஜர் ஏறத்தாழ 1 ஆம்பியர் இழுக்கும். 55 வாட் விளக்குகள் இரண்டோ 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். முகப்பு விளக்குக்கென அமைந்த கம்பி இந்தக் கூடுதல் சுமையால் சூடேறி, அதன் உறை உருகக்கூடும். பியூஸ் போய்விட்டால் நடுவழியில் வெளிச்சமே அற்றுவிடும்.

ஆகவே, முதலில் பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, நேர்முனையிலிருந்து தனிக் கம்பி இழுக்க வேண்டும். அம்முனைக்கு அருகிலேயே தனிப் பியூஸ் அமைத்தல் அவசியம். பியூஸ் கம்பியைக் காப்பதற்கே உள்ளது. கம்பி தாங்கும் அளவை அது மிஞ்சலாகாது. இடையே ரிலே ஒன்று வைத்து, சாவி திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் கம்பியால் அதை இயக்கினால், வண்டி நிற்கையில் பாட்டரி வற்றாது. மொத்தச் சுமை வண்டியின் மின்னாக்கி தரும் அளவுக்குள் அடங்கவும் வேண்டும்.

பியூஸுக்கும் ரிலேக்கும் ஆகும் சிறு செலவுக்குத் தயங்கி, வண்டியையும் சரக்கையும் பணயம் வைக்கலாகாது.