நோய்க்குக் குடியுரிமை உண்டோ?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பிறதேசங்களினின்று குடியேறி உழைப்போர் நோயுற்றால் அவர்களைப் பேணும் கடமை யாருடையது? நெடுங்காலமாக நடந்துவரும் இவ்விவாதத்தில் அந்நாட்டுக் கத்தோலிக்க மேற்றிராணிமார் கொண்டிருக்கும் நிலை, மத வேற்றுமை பாராது நாம் அனைவரும் கவனிக்கத் தக்கது.

முதலில் சட்டத்தின் போக்கை நோக்குவோம். அவசர நிலையில் வருபவர் எவராயினும் அவரைக் கவனியாது அனுப்பலாகாதென்று 1986-ஆம் வருஷச் சட்டம் ஆஸ்பத்திரிகளைக் கட்டாயப்படுத்துகிறது. 1996-ஆம் வருஷச் சட்டமோ, முறைப்படி நிரந்தர வாசம் பெற்றவர்களிற் பெரும்பாலோரும் ஐந்து வருஷம் கழிந்தாலன்றி, மெடிக்கெய்டு என்னும் ஏழைகளுக்கான சர்க்கார் வைத்திய உதவியைப் பெறலாகாதென்று விதித்தது. நம் தேசத்தினின்று சென்றோரும் இவ்விதிக்கு விலக்கல்லர். 2010-ஆம் வருஷச் சட்டம் ஏராளமான ஜனங்களுக்கு இன்ஷ்யூரன்ஸ் வசதி அளித்தது. எனினும், அனுமதிப் பத்திரமில்லாதோர் அச்சட்டம் நிறுவிய சந்தையில் தம் கைப்பணத்தைக் கொடுத்தும் அதனை வாங்கலாகாதென்று தடுத்துவிட்டது!

இலவச உதவியை மறுப்பதற்குப் பொக்கிஷத்தின் வறுமையைக் காரணமாகக் கூறலாம். தன் கூலியிலிருந்து முழு விலையும் தர முன்வருபவனைத் தடுப்பதற்குக் கூறத்தக்க காரணம் யாது? இது சிக்கனமன்று, மனிதனை விலக்கிவைத்தலேயாகும். அவ்வருஷம் மேற்றிராணிமார், கருச்சிதைவு பற்றிய ஷரத்துக்களை முன்னிட்டு அம்மசோதாவை எதிர்த்தனர். குடியேறியவர்களுக்கு இழைக்கப்பட்ட இவ்வநீதியையும் தங்கள் ஆட்சேபங்களுள் ஒன்றாக எடுத்துரைத்தனர். கன்னியாஸ்திரீ காரல் கீஹன் தலைமையிலிருந்த கத்தோலிக்க ஆரோக்கிய சங்கமோ மசோதாவை ஆதரித்தது. மசோதாவைப் பற்றி மாறுபட்ட இவ்விரு சாராரும், குடியேறியவர்களைக் கைவிடலாகாதென்பதில் மாறுபட்டிலர்.

இக்கொள்கை நேற்றுத் தோன்றியதன்று. இத்தாலியிலிருந்து வந்த ஏழைகளுக்கு ஊழியம் செய்ய 1889-இல் நியூயார்க்கில் வந்திறங்கிய கப்ரீனி அம்மையார், 1892-இல் அங்கே ஓர் ஆஸ்பத்திரியை நிறுவினார். இருபத்து மூன்றாம் அருளப்பர் என்னும் போப்பாண்டவர் 1963-இல் வெளியிட்ட நிருபத்தில், வைத்திய சிகிச்சையை மனிதனாய்ப் பிறந்த ஒவ்வொருவருக்கும் உரிய உரிமைகளுள் வைத்தார்.

வரி செலுத்துவோரின் பணத்தை அந்நியருக்குச் செலவிடுவதா என்பர் சிலர். அவ்வந்நியரும் வரி செலுத்துகின்றனர் என்பதை அவர்கள் மறக்கின்றனர். சில மாகாணங்களில், சிறுநீரகம் பழுதுற்ற பத்திரமில்லாத தொழிலாளி, உயிருக்கு ஆபத்து நேரும் வரை காத்திருந்தே இரத்தச் சுத்தி சிகிச்சை பெற வேண்டியிருக்கிறது. காலத்தே அளித்தால் குறைவாகும் செலவு, காலங்கடந்து பெருகுகிறது. நோயாளியோ ஒவ்வொரு முறையும் மரண வாயிலை மிதித்து மீள்கிறான்.

கலிபோர்னியா மாகாணம் 2024-இல் பத்திரம் பாராது எவ்வயதினரான ஏழைகளுக்கும் உதவியளிக்க முன்வந்தது. மறுவருஷமே பணமுடையைக் காட்டி, 2026 ஜனவரி முதல் பத்திரமில்லாத வயது வந்தோரைப் புதிதாகச் சேர்ப்பதில்லையெனத் தீர்மானித்தது. 2025 ஜூலையில் நிறைவேறிய மத்திய சட்டமோ, 2026 அக்டோபர் முதல் அகதிகளுக்கும் மெடிக்கெய்டு இல்லையென விதித்தது. அச்சட்டம் வைத்திய உதவியைக் குறைத்ததை மேற்றிராணிமார் வெளிப்படையாகக் கண்டித்தனர்.

கண்டித்தது நன்று, ஆனால் கண்டனத்தோடு அமைதல் போதாது. அடைக்கலம் தந்தவனுக்கு மருந்தை மறுக்கும் சட்டம் மாறும் வரை அவர்கள் குரல் ஓயலாகாது. வயலிலும் ஆலையிலும் ஒருவனது உழைப்பைக் கொள்ளும் தேசம், அவன் நோயில் மட்டும் அவனை அந்நியனென்பது எவ்வித தர்மம்?