கைப்பேசியில் என்ன பார்க்கிறீர்கள்?

உறக்கம் எப்படி, புகைப்பழக்கம் உண்டா, உணவில் உப்பு எவ்வளவு என்று கேட்பதோடு, அண்மைக் காலமாக நோயாளிகளிடம் இன்னொரு கேள்வியையும் நாங்கள் கேட்டு வருகிறோம். கைப்பேசியில் நாள்தோறும் என்னென்ன பார்க்கிறீர்கள் என்பதே அது. பலர் முதலில் சிரிக்கிறார்கள், சிலர் தயங்குகிறார்கள்.

பிறகு விடை வருகிறது. திருக்கடையூர், ஆக்கூர், தரங்கம்பாடிப் பக்கத்து உழவர்கள் காலையில் முதலில் பார்ப்பது மேட்டூர் அணையின் நீர்மட்டத்தையும் வானிலையையும்தான். வீட்டுப் பெண்கள் சமையல் காணொளிகளையும் தங்கத்தின் விலையையும் பார்க்கிறார்கள். வெளியூர்ப் பிள்ளைகள், பெற்றோரின் மணிவிழாவுக்குத் திருக்கடையூரில் தங்குமிடம் தேடுகிறார்கள். இவற்றில் குறை சொல்ல எதுவுமில்லை. வீடு அடங்கிய பிறகு, இரவில் தனியே நோயின் பெயரைத் தேடிப் படித்து, அதை எவரிடமும் சொல்லாமல் மருந்தை மாற்றிக்கொள்வதே எங்கள் கவலை.

மணிவிழா முடித்து ஓராண்டான ஓர் உழவர், நீரிழிவுக்குக் கிளிமிபிரைடு மாத்திரை உட்கொண்டு வந்தார். வெறும் வயிற்றில் அவருடைய சர்க்கரை அளவு 118. நல்ல கட்டுப்பாடுதான். இலண்டனில் வாழும் மகள் அனுப்பிய இணையப் பக்கம் ஒன்றில், உணவுக்கு முன் அளவு 4 முதல் 7 வரை இருக்கவேண்டும் என்று கண்டார். அஞ்சிப்போய் மாத்திரையை இரட்டித்தார். காலை உணவையும் விட்டார். மூன்றாம் நாள் வயல் வரப்பில் வியர்த்து, நினைவு தடுமாறி உட்கார்ந்துவிட்டார். இங்கே கொண்டுவரப்பட்டபோது சர்க்கரை 46. அம்மாத்திரையின் விளைவு நெடுநேரம் நீடிக்கும் என்பதால் ஒரு நாள் முழுதும் கண்காணிக்க நேர்ந்தது. "பொண்ணு அனுப்பினதுங்க டாக்டர், தப்பா இருக்குமா?" என்று அவருடைய மனைவி கேட்டார்.

அந்தப் பக்கத்தில் தவறில்லை, அலகுதான் வேறு. பிரிட்டனில் இரத்தச் சர்க்கரையை லிட்டருக்கு மில்லிமோல் என்று அளக்கிறார்கள். நாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்று அளக்கிறோம். அவர்களுடைய எண்ணை 18ஆல் பெருக்கினால் நம்முடைய எண் கிடைக்கும். ஆகவே 7 என்பது 126. அவருடைய 118 அந்த வரம்புக்குள்ளேயே இருந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையில் இங்கு 6.5 விழுக்காடு என்பது அங்கு 48. சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் இங்கு 1 என்றால் அங்கு ஏறத்தாழ 88. எண்ணைப் படிக்கும்முன் அருகிலுள்ள அலகைப் படியுங்கள்.

இதே உழவர், "அணை திறந்தாயிற்று" என்று யாரோ அனுப்பிய செய்தியை நம்பி நாற்றங்காலில் விதை விடமாட்டார். நீர்மட்டத்தையும் நீர்வரத்தையும் பார்த்த பிறகே விடுவார். அந்த நிதானத்தை உடலுக்கும் காட்டலாமே என்று அவரிடமே சொன்னோம்.

காணொளிகளைப் பற்றி ஒரு சொல். சிறுநீரகம் பற்றி ஒன்றைப் பார்த்தால், அடுத்தடுத்து அதையே கைப்பேசி காட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் முன்பு பார்த்ததை வைத்து அது பரிந்துரைக்கிறது. உங்கள் உடலைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. நீரிழிவை அடியோடு குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று தடை செய்திருக்கிறது. அப்படி விளம்பரம் செய்பவரிடம் மருந்து வாங்கலாமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால், அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் மெட்லைன்பிளஸ் தளத்தையும், பிரிட்டனின் என்.எச்.எஸ். தளத்தையும் பார்க்கச் சொல்லுங்கள் (அலகை மறவாமல்!). இரண்டும் மருந்து விற்பதற்காக நடத்தப்படுபவை அல்ல. தமிழில் இவற்றுக்கு நிகரான விரிவான தளம் எதையும் எங்களால் இன்னும் சுட்ட முடியவில்லை என்பது வருத்தமே. ஐயம் எழுந்தால் 104 என்ற எண்ணை அழைக்கலாம். இந்திய அரசின் இ-சஞ்சீவனி வழியே மருத்துவரிடம் கட்டணமின்றிப் பேசலாம்.

நெஞ்சுவலி, வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல், ஒரு பக்கக் கை கால் தளர்தல் ஆகியவற்றுக்கு எதையும் தேடாதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். மூளை இரத்தக்குழாய் அடைப்புக்கான கட்டி கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாகவேண்டும்.

அடுத்த முறை வரும்போது, படித்த பக்கத்தைக் கைப்பேசியில் சேமித்துக் கொண்டுவாருங்கள், அல்லது ஒரு தாளில் குறித்து மருத்துவக் கோப்பில் வையுங்கள். எதற்காகப் படித்தீர்கள் என்று கடிந்துகொள்ள மாட்டோம். உங்கள் பரிசோதனை முடிவை அருகில் வைத்து, இருவரும் சேர்ந்தே படிப்போம்.